ரூம் கிச்சன்: ஆம்பூர் அடுப்புல ஒரு பிரெஞ்சுக் குழம்பு!

இன்டர்னல்ஸ் முடிஞ்சதா, அரியர் கிளியர் ஆச்சா? சரி சரி, முறைக்காதீங்க. அந்தப் பேச்சு இந்தப் பக்கத்துல வராது. இங்கே அடுப்பு சமாச்சாரம் மட்டும்தான்.

இந்த வாரம் ஒரு டிபன் பாக்ஸில் இருந்து ஆரம்பிப்போம்.

காலேஜ்ல லஞ்ச் டைம். ஏழெட்டு பேர் வட்டமா உட்கார்ந்திருப்போம். ஒருத்தன் பாக்ஸ் திறந்தா அது அவனுக்கு மட்டும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம். லெமன் சாதம் இந்தப் பக்கம் போகும், உருளைக்கிழங்கு வறுவல் அந்தப் பக்கம் போகும். எங்க கேங்ல ஒரு ஆம்பூர் நண்பன் இருந்தான். அவன் மட்டும் சில நாள் பாக்ஸ் மூடியைப் பாதிதான் திறப்பான். வாசனை ஆளைத் தூக்கும். 'என்னடா மச்சி உள்ளே?'ன்னு கேட்டா, 'மட்டன்டா'ன்னு சொல்லிட்டு வேகவேகமா சாப்பிட்டு முடிச்சிடுவான். சரியான கஞ்சப்பய, பங்கு கொடுக்க மனசில்லைன்னு நாங்க கலாய்ப்போம்.

ஃபைனல் இயர்ல அவன் வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா இலையைப் போட்டாங்க. கறிச் சட்டியைத் தூக்கிட்டு வந்து, 'மாட்டுக்கறி தம்பி, சாப்பிடுவீங்களா? இல்லைன்னா முட்டை ஊத்தித் தர்றேன், ரெண்டு நிமிஷம்'னு ரொம்ப சாதாரணமா கேட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். நண்பன் மட்டும் தலையைக் குனிஞ்சு இலையையே பார்த்துட்டு இருந்தான். மூணு வருஷமா அவன் 'மட்டன்'னு சொன்னது இதைத்தான்.

எங்களில் நாலு பேர் கறி சாப்பிட்டோம், ரெண்டு பேர் முட்டை சாப்பிட்டாங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

இதுல இருந்து பிரான்ஸுக்கு எப்படிப் போறதுன்னுதானே யோசிக்கிறீங்க? இருங்க, வண்டி அங்கேதான் போகுது.

படத்துல வந்த குழம்பு

2009-ல 'ஜூலி & ஜூலியா'னு ஒரு ஹாலிவுட் படம் வந்துச்சு. மெரில் ஸ்ட்ரீப் நடிச்சது. படம் முழுக்க சமையல். அதுல ஹீரோ மாதிரி வர்ற ஐட்டம் ஒண்ணு உண்டு. பேரு 'பெஃப் பூர்கின்யோன்'. வாய்க்குள்ள நுழையலையா? எனக்கும்தான். 'பெஃப்'னா மாட்டுக்கறி. 'பூர்கின்யோன்'னா பர்கண்டி ஸ்டைல். பர்கண்டி என்பது பிரான்ஸின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஒரு பகுதி. சிவப்பு ஒயினுக்கும் மாட்டுக்கும் பேர் போன ஊர். ரெண்டையும் ஒரே சட்டியில் போட்டு மணிக்கணக்கா வேகவிட்டா, அதான் இந்தக் குழம்பு.

இந்த டிஷ்ஷுக்குப் பெரிய வரலாறே இருக்கு. பிரெஞ்சு சமையலுக்கு இலக்கணம் எழுதின எஸ்கோஃபியே 1903-ல வெளியிட்ட தன் புத்தகத்தில் இதைச் சேர்த்தார். 1961-ல ஜூலியா சைல்ட் கூட்டாளிகளோட சேர்ந்து எழுதின பிரெஞ்சு சமையல் புத்தகம் இதை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோச்சு. 1963-ல அவங்க டி.வி. தொடர் ஆரம்பிச்சப்போ, முதல் எபிசோடே இதுதான். இன்னிக்குப் பெரிய ஹோட்டல்ல ஆர்டர் பண்ணினா, வெள்ளைத் துணி விரிச்சு, மெழுகுவத்தி ஏத்தி, நம்ம ஒரு மாச மெஸ் பில்லை ஒரே தட்டுல வாங்கிடுவாங்க.

படம் பார்த்த அன்னிக்கே ஆம்பூர் நண்பனுக்கு போன் போட்டேன். செய்முறையை வரிசையா படிச்சுக் காட்டினேன். கெட்டியான தொடைக்கறி, வெங்காயம், கேரட், கொழுப்பு, சிம்ல மூணு மணி நேரம்... பொறுமையா கேட்டவன் கடைசியா சொன்னான்: 'அட, இதுக்கா இவ்ளோ பில்டப்பு? ஒயினை எடுத்துட்டுக் காரத்தைப் போட்டா எங்கம்மா வைக்கிறதுதானடா!'

சிரிச்சுட்டேன். ஆனா போனை வெச்ச பிறகு சிரிப்பு வரலை. அதே கறி, அதே பொறுமை. ஒண்ணுக்கு மெழுகுவத்தி, இன்னொண்ணுக்கு மூடின டிபன் பாக்ஸ். என்ன நியாயம் பாஸ் இது?

உழைச்ச மாட்டின் கறி

முதல்ல ஒரு ரகசியம். இந்தக் குழம்பு பணக்கார வீட்டில் பிறந்ததா நினைக்காதீங்க. இளசான, பஞ்சு மாதிரி கறி கையில் இருக்கிறவன் எதுக்கு மூணு மணி நேரம் வேகவைக்கணும்? சட்டுனு வாட்டிச் சாப்பிட்டுப் போயிட மாட்டானா? வயல்ல ஏர் இழுத்து, வண்டி இழுத்து, வயசான மாட்டோட கறி கெட்டியா இருக்கும். அதை மென்மையாக்க ஒரே வழி, மெல்லிசான தீயில் நேரத்தைக் கொட்டுறது. பர்கண்டியில் இருக்கும் ஷரோலே இன மாடுகள் இன்னிக்குக் கறிக்குப் பேர் போனவை. டிராக்டர் வர்றதுக்கு முன்னாடி அதுவும் உழவு மாடுதான்.

நம்ம ஊரிலும் அதே கதை. தமிழ்நாட்டில் 1958-ல வந்த கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயசைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லைன்னோ, காயத்தால் நிரந்தரமா முடங்கிப்போச்சுன்னோ சான்றிதழ் வாங்கின மாட்டைத்தான் வெட்டலாம். அதாவது, நம்ம கறிக்கடைக்கு வர்றது பெரும்பாலும் உழைச்சு முடிச்ச மாடு. அதனால கறி கெட்டி. அதனால விலையும் குறைவு. மட்டன் விலையில் பாதிகூட வராது. ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அக்கா வீட்டுக்கு, நாலு பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு, ஞாயித்துக்கிழமை கறிக்குழம்புன்னா அது இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் தலித் வீடுகளிலும் இது தலைமுறை தலைமுறையான சமையல்.

தோலும் கறியும் ஒரே கெமிஸ்ட்ரி!

இப்போ கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் ஆளுங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. மத்தவங்க தூங்கிடாதீங்க, இது மார்க்குக்கு இல்லை, ருசிக்கு.

கறியைக் கெட்டியாக்குறது 'கொலாஜன்' என்கிற புரதம். தசைகளைக் கட்டி வைக்கிற நார் இது. உழைக்கிற தசையில் இது ஜாஸ்தி. அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டினா சுருங்கும். அப்போ கறி ரப்பர் மாதிரி ஆகும். 'அரை மணி நேரமா வேகுது, இன்னும் கெட்டியாத்தான் இருக்கு'ன்னு நீங்க அடுப்பை அணைக்கிறது சரியா இந்த இடத்தில்தான். அணைக்காதீங்க! எழுபது டிகிரிக்கு மேல ரெண்டு மூணு மணி நேரம் விட்டா, அதே கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டினா மாறும். கறி பஞ்சாகும், குழம்பு பளபளன்னு உதட்டில் ஒட்டும். ஆட்டுக்கால் பாயா ஒட்டுதே, அதே சமாச்சாரம்.

சரி, மாட்டுத் தோல் எதனால் ஆனது? அதுவும் கொலாஜன்தான்! பச்சைத் தோலைக் கொதிக்கிற தண்ணியில போட்டா அதுவும் சுருங்கி, கரைஞ்சு, கடைசியில பசையாகும். அப்படி ஆகாம காப்பாத்துறதுக்குப் பேர்தான் தோல் பதனிடுறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள் பண்ற வேலையே அதுதான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில் தோலை வாரக்கணக்கில் போட்டு வைப்பாங்க. பிறகு கடுக்காய்த் தண்ணி. பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற 'டேனின்' கொலாஜனைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். இப்போ பெரும்பாலும் குரோமியம் உப்பு. குரோம் தோல் சரியா பதமாயிருக்கான்னு பார்க்க, ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில் சில நிமிஷம் போடுவாங்க. சுருங்கலைன்னா பாஸ், சுருங்கினா ஃபெயில்.

பாருங்க வேடிக்கையை... ஒரே மாடு, ஒரே கொலாஜன். டேனரியில் கரையாம இருந்தா பாஸ். அடுப்படியில் கரைஞ்சாத்தான் பாஸ்!

இன்னொரு வேடிக்கை. சிவப்பு ஒயின்ல இருக்கிற முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? அதே டேனின்தான். திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வர்றது. பாக்கு மென்னா, கடுக்காய் கடிச்சா, கட்டன் சாயா குடிச்சா நாக்கு இழுத்துப் பிடிக்குதே, அந்தத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் கொழுப்பான கறியோட சேரும்போது திகட்டாம பார்த்துக்குது.

தோல் கதையிலும் ஒரு பிரெஞ்சு வாசனை இருக்கு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் மெட்ராஸ் பக்கம் தோல் பதனிடுற முறையை மேம்படுத்தினவர்னு சார்லஸ் டி சூசாவைச் சொல்வாங்க. பாண்டிச்சேரிக்காரர். மொரீஷியஸ் போய் பிரெஞ்சு முறையைக் கத்துக்கிட்டு வந்தவர். ஆக, பிரெஞ்சுக்காரன் கைப்பக்குவம் நம்ம தோலுக்கு எப்பவோ வந்தாச்சு. குழம்புக்குத்தான் லேட்.

ஒயினுக்கு என்ன பண்றது?

எனக்குத் தெரியும், பாதிப் பேர் இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் படிச்சீங்க. திருட்டு முழி முழிக்காதீங்க!

ஒயின் ஊத்தப் போறதில்லை. காரணம் மூணு. ஒண்ணு, தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. நம்ம வாசகர்கள்ல முக்காவாசிப் பேர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ரெண்டு, 'கொதிச்சா ஆல்கஹால் பூரா ஆவியாயிடும்'னு சொல்றது சும்மா. ரெண்டரை மணி நேரம் கொதிச்சாலும் அஞ்சு சதவீதம் போல மிஞ்சும். மூணாவதுதான் எனக்கு முக்கியம். ஒயின் ஊத்தின சட்டியில் என் ஆம்பூர் நண்பன் கை வைக்க மாட்டான். அவன் ஊர்க் குழம்பை அவனே சாப்பிட முடியாதபடி சமைச்சு, அப்புறம் என்ன நட்பு?

அதனால ஒயின் பண்ற வேலையைப் பிரிச்சுப் பார்ப்போம். அது தர்றது நாலு விஷயம்: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, நிறம். நாலும் நம்ம ஊர்லயே கிடைக்கும். இனிப்பும் நிறமும் பன்னீர் திராட்சையில் இருக்கு. அதான் தேனி, கம்பம் பக்கத்துல இருந்து வர்ற கருப்புத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. துவர்ப்புக்குப் பால் சேர்க்காத டீ டிகாஷன். புளிப்புக்குத் தக்காளியும் கொஞ்சம் வினிகரும். ஒயின் ருசி அப்படியே வருமான்னு கேட்டா, வராது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா குழம்பு தனியா நின்னு ஜெயிக்கும்.

இன்னும் ரெண்டு மாத்து வேலை. அவங்க பன்றிக் கொழுப்பு போடுவாங்க. நாம கறிக்கடையிலேயே ஒரு துண்டு மாட்டுக் கொழுப்பு கேட்டு வாங்கிக்கலாம். அவங்க 'தைம்'னு ஒரு இலை போடுவாங்க. அந்த வாசனைக்குக் காரணமான தைமால், நம்ம ஓமத்திலும் இருக்கு. ஒரு சிட்டிகை போதும். குட்டி வெங்காயத்துக்கு அவங்க அலைவாங்க, நமக்குச் சின்ன வெங்காயம் இருக்க என்ன கவலை!

தேவையானவை (நாலு பேருக்கு, பசியோட வந்தா மூணு பேருக்கு)

மாட்டுக்கறி (எலும்பில்லாம, முன்னங்கால் சப்பை அல்லது தொடை) – 750 கிராம்
நல்லி எலும்பு – 1 துண்டு
மாட்டுக் கொழுப்பு – ஒரு எலுமிச்சை அளவு
பன்னீர் திராட்சை – அரை கிலோ
டீத்தூள் – ஒன்றரை டீஸ்பூன்
வினிகர் – 2 டீஸ்பூன்
பெரிய வெங்காயம் – 1
சின்ன வெங்காயம் – 15
கேரட் – 2
தக்காளி – 2 (அரைச்சது)
பூண்டு – 6 பல்
பட்டன் காளான் – 1 பாக்கெட்
மைதா – 1 டேபிள்ஸ்பூன்
பிரிஞ்சி இலை – 2
மிளகு – 1 டீஸ்பூன் (ஒண்ணும் பாதியுமா இடிச்சது)
ஓமம் – ஒரு சிட்டிகை
வெண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்
எண்ணெய், உப்பு – தேவைக்கு

கடையில், 'பாய், குழம்புக்கு, ரொம்ப நேரம் வேகவைக்கிற மாதிரி கொடுங்க'ன்னு கேளுங்க. நார் ஓடுற துண்டா பார்த்துக் கொடுப்பார். 'நார் இல்லாம கொடுங்க'ன்னு சொல்லிடாதீங்க. அந்த நார்தான் குழம்பே!

செய்முறை

முதல்ல திராட்சை. நல்லா கழுவி, ஒரு பாத்திரத்தில் போட்டு, கையால் நசுக்குங்க. மிக்சியில் அடிக்காதீங்க, கொட்டை அரைபட்டா கசக்கும். ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்க. தோலில் இருந்து நிறம் இறங்கி, பார்க்கவே கலரா இருக்கும். தனியா ஒரு டம்ளர் தண்ணியில் டீத்தூளைப் போட்டு மூணு நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி வையுங்க. அதுக்கு மேல கொதிச்சா கசப்பு தூக்கும்.

அடுத்து கறி. ரெண்டு இஞ்ச் துண்டா வெட்டுங்க. சின்னதா வெட்டினா மூணு மணி நேரத்தில் நாரா பிரிஞ்சு காணாமப் போயிடும். கழுவின பிறகு சுத்தமான துணியில் ஒத்தி, ஈரம் இல்லாம துடைக்கணும். இது முக்கியம். ஈரம் இருந்தா கறி வேகுமே தவிர சிவக்காது.

அடி கனமான பாத்திரத்தில் கொழுப்பைப் போட்டு உருக்குங்க. அஞ்சாறு துண்டா, இடம் விட்டுப் போட்டு, எல்லாப் பக்கமும் காபிப்பொடி நிறம் வர்ற வரைக்கும் சிவக்க விடுங்க. மொத்தக் கறியையும் ஒரேயடியா கொட்டினீங்கன்னா தண்ணி விட்டு, பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி ஒண்ணும் நகராது. முதல் தடவை நான் பண்ணின தப்பு அதுதான். பொறுமையே இல்லாம எல்லாத்தையும் கொட்டி, வெளுத்துப் போன கறியைச் சாப்பிட்டேன். சிவந்த வாசனைதான் குழம்புக்கு உயிர்.

கறியை எடுத்து வெச்சுட்டு, அதே பாத்திரத்தில் பெரிய வெங்காயம், கேரட், பூண்டு போட்டு வதக்குங்க. அடியில் ஒட்டியிருக்கிற கருஞ்சிவப்புப் பொருக்கு அவ்வளவும் ருசி, அதைக் கழுவிடாதீங்க. மைதாவைத் தூவி ரெண்டு நிமிஷம் பச்சை வாசனை போகக் கிளறி, தக்காளியை ஊத்துங்க. எண்ணெய் பிரிஞ்சதும் திராட்சைச் சாறு. அது கொதிச்சுப் பாதியா வத்தட்டும். இப்போ டிகாஷன், கறி, நல்லி எலும்பு, பிரிஞ்சி இலை, ஓமம், மிளகு, உப்பு. கறி மூழ்குற அளவு தண்ணி.

ஒரு கொதி வந்ததும் சிம்ல வெச்சு மூடுங்க. பொளபொளன்னு கொதிக்கக் கூடாது. எப்பவாவது ஒரு முட்டை எழும்பணும், அவ்வளவுதான். ரெண்டரை மணி நேரத்தில் இருந்து மூணரை மணி நேரம், மாட்டோட வயசைப் பொறுத்து. அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துத் தண்ணி குறைஞ்சா வெந்நீர் ஊத்துங்க. கரண்டியால் அழுத்தினா கறி சண்டை போடாம விட்டுக்கொடுக்கணும். அதான் பதம்.

'கேஸ் தீர்ந்துடும்ணா, ரூம்மேட் கொன்னுடுவான்'னு சொல்றவங்களுக்கு: குக்கர் இருக்கு. ஒரு விசில் வந்ததும் சிம்ல நாப்பது நிமிஷம். பிரஷர் தானா இறங்கட்டும். திறந்து, மூடியில்லாம கால் மணி நேரம் கொதிக்கவிட்டா குழம்பு இறுகும். குக்கர்ல தண்ணி ஆவியாகாது, அதனால முதல்லயே கம்மியா ஊத்துங்க.

கடைசியா, ஒரு வாணலியில் வெண்ணெய் போட்டு சின்ன வெங்காயத்தை முழுசா, பொன்னிறமா வதக்குங்க. எடுத்துட்டு அதிலேயே காளான். ரெண்டையும் குழம்பில் சேர்த்துப் பத்து நிமிஷம். இறக்குறதுக்கு முன்னாடி வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு ருசி பாருங்க. திராட்சை இனிப்பு தூக்கலா இருந்தா இன்னொரு சொட்டு. போதும்.

பிரெஞ்சுக்காரன் உருளைக்கிழங்கு, ரொட்டியோட சாப்பிடுவான். நீங்க பேக்கரி பன், பரோட்டா, இடியாப்பம்னு எதோட வேணாலும் ஜமாயுங்க. மறுநாள் இன்னும் ருசிக்கும். ஆனா ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விட்டுடாதீங்க. ஆறினதும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குப் போயிடணும். ஃபிரிட்ஜ் இல்லாத ரூம்னா அன்னிக்கே காலி பண்ணிடுங்க. அது ஒண்ணும் உங்களுக்குக் கஷ்டம் இல்லையே!

மாட்டுக்கறி சாப்பிடாதவங்க ஆட்டுக்கழுத்துக் கறியில் பண்ணலாம், நேரம் பாதியா குறையும். சைவ பார்ட்டிங்க கறிக்குப் பதிலா காளானை டபுளா போட்டு, மாட்டுக் கொழுப்புக்குப் பதிலா எண்ணெய் ஊத்தி, அரை மணி நேரத்தில் முடிச்சிடலாம்.

கொஞ்சம் சீரியஸா...

2022 மே மாசம், 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போறதா திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவிச்சுது. ஊரே குஷியாச்சு. சீரக சம்பாவும் காய்ஞ்ச மிளகாய் அரைச்ச மசாலாவும் கத்திரிக்காய்த் தொக்குமா, ஆம்பூர் பேரை ஊர் ஊரா கொண்டுபோனது பிரியாணிதானே! ஆனா பட்டியலில் பீஃப் பிரியாணி இல்லை. ஆம்பூர்த் திருவிழா, ஆம்பூர்க்காரன் சாப்பிடுற பிரியாணி மட்டும் கிடையாது. எதிர்ப்பு கிளம்புச்சு. வெளியே இலவசமா பீஃப் பிரியாணி கொடுப்போம்னு சில அமைப்புகள் சொன்னாங்க. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டுது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், ஏன் விட்டீங்கன்னு ஆட்சியரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புச்சு.

அந்தச் செய்தியைப் படிச்சப்போ எனக்கு அரசியல் எதுவும் தோணலை. மூடி பாதி திறந்த அந்த டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

இதே ஆம்பூர் தோலில் செஞ்ச ஷூ ஐரோப்பாவுக்குப் போகுது. போடுறவன் பெருமையா போடுறான். அதே மாட்டோட கறியைச் சாப்பிடுறவன் பேரை மாத்திச் சொல்ல வேண்டியிருக்கு. தோலுக்கு ஏற்றுமதி மரியாதை, கறிக்கு மூடின பாக்ஸ். அதே கறிக்கு பிரெஞ்சுப் பேர் வெச்சா மறுபடியும் மரியாதை வந்துடுது. அப்போ பிரச்சினை கறியில இல்லை. யார் சாப்பிடுறாங்கன்னு பார்க்கிற நம்ம கண்ணுலதான் இருக்கு.

எல்லாரும் மாட்டுக்கறி சாப்பிடணும்னு நான் சொல்லவே மாட்டேன். மனசு ஒப்பலைன்னா வேணாம், நம்பிக்கை தடுக்குதுன்னா வேணாம். சாப்பிடாதவங்களை வற்புறுத்துறது, அவங்களுக்குத் தெரியாம ஊட்டிவிட்டுச் சிரிக்கிறது எல்லாம் அசிங்கமான விளையாட்டு, பண்ணாதீங்க. ஆனா சாப்பிடுறவனை மூக்கைச் சுளிச்சுப் பார்க்கிறதும் அதே அசிங்கம்தான். நண்பனோட அம்மா எவ்வளவு அழகா அதை முடிச்சாங்க பார்த்தீங்களா? 'இது மாட்டுக்கறி. சாப்பிடுவீங்களா? இல்லைன்னா முட்டை.' என்ன கறின்னு ஒளிக்கவும் இல்லை, சாப்பிடச் சொல்லித் திணிக்கவும் இல்லை. நாங்க நாலு வருஷம் காலேஜ்ல கத்துக்காததை அவங்க ஒரு கரண்டியில் கத்துக்கொடுத்துட்டாங்க.

போன ரம்ஜானுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கு இந்தத் திராட்சைக் குழம்பைச் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். அவங்க அம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, 'நல்லாத்தான் இருக்கு தம்பி. காரம் போட மறந்துட்டீங்க'ன்னாங்க. பிரான்ஸே கவுந்துபோச்சு! நண்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். அவனோட ரெண்டாங்கிளாஸ் பொண்ணு தட்டை நீட்டி, 'அங்கிள், எனக்கு இன்னும் கொஞ்சம் மாட்டுக்கறி'ன்னா. சத்தமா, பேர் சொல்லி.

ஆக, இந்த வாரம் உங்க வேலை ரெண்டு. ஒண்ணு, ஒரு லீவு நாள் பார்த்து சட்டியை அடுப்புல ஏத்துங்க. ரெண்டு, திங்கக்கிழமை லஞ்ச் டைம்ல உங்க வட்டத்துல யாராவது மூடியைப் பாதி மட்டும் திறந்து சாப்பிடுறாங்களான்னு பாருங்க. 'என்னடா உள்ளே?'ன்னு குடையாதீங்க. உங்க பாக்ஸை முதல்ல அவங்க பக்கம் தள்ளி வையுங்க. மூடி தானா திறக்கும். கொலாஜனுக்கே மூணு மணி நேரம் ஆகுது, மனுஷனுக்குக் கொஞ்சம் டைம் கொடுக்க மாட்டோமா?

ரைட்டு... அடுத்த வாரம் வேற அடுப்புல சந்திப்போம். சிம்ல வெச்சுட்டு வந்தவங்க, ஓடிப் போய் தண்ணி இருக்கான்னு பாருங்க!